கோல்கீப்பர் சடையன் பிறந்த தேதி

1976 ஜூன் இருபத்துமூன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு ஜமுனாமரத்தூர் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். கை வைத்த ஒரே நாற்காலியில் ஆணையர். அவருக்கு வலப்பக்கம், ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் கிராம முன்சீப் தாண்டவராயன். அவர் மடியில் மஞ்சள் துணியில் முடிந்த பதிவுப் புத்தகம். இடப்பக்கம் பெஞ்சில் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் ஏகாம்பரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி. அதே பெஞ்சின் மறுகோடியில் வாணியம்பாடி தோல் வியாபாரி ஃபரூக் பாய், ஜூன் மாத வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு. வாசல் நிலையில் முதுகைச் சாய்த்துத் தரையில் குத்துக்காலிட்டு லட்சுமணன்.

ஆறாவது ஆள் ஆபீசுக்கு வெளியே இருந்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே, பலா மரத்தடியில் கிடந்த பட்டைக் கல்லின் மேல் லட்சுமணன் பெண்சாதி அம்மாக்கண்ணு உட்கார்ந்திருந்தாள்.

பேச எடுத்துக்கொண்ட விஷயம், அம்மாக்கண்ணு எந்தத் தேதியில் பிள்ளை பெற்றாள் என்பது. ஆகவே அவளை உள்ளே கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளையின் பெயர் சடையன். நாலு வருஷத்துக்கு முன்னால் மலையை விட்டு இறங்கி, ஃபரூக் பாயின் தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவன். லாரியிலிருந்து வீசுகிற உப்புத் தோலைக் கீழே விழாமல் எட்டிப் பிடித்து அடுக்குவது அவன் வேலை. அவனுக்குக் கை நீளம். நனைந்த எருமைத் தோலை நெஞ்சில் வாங்கிப் பழகியவனுக்குப் பந்து எந்த மூலை? பாய் நடத்திய டீமில் கோலுக்குள் நிறுத்தினார்கள்; அப்புறம் ஜில்லா, அப்புறம் மாநிலம். இப்போது கல்கத்தாவில் இந்திய இளைஞர் அணிக்கான பயிற்சி முகாமில் இருந்தான். பத்து நாட்டு இளைஞர் அணிகள் மோதும் போட்டி, செப்டம்பரில், கோலாலம்பூரில். பத்தொன்பது வயதுக்குள் இருக்க வேண்டும். 1957 ஆகஸ்டு முதல் தேதிக்கு முன்னால் பிறந்தவனை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

முகாமிலிருந்து தந்தி வந்திருந்தது. முப்பதாம் தேதிக்குள் வயதுச் சான்று வந்து சேராவிட்டால் பெயரை எடுத்துவிட்டு அடுத்த ஆளைப் போடுவோம் என்றது தந்தி. அன்று மூணே முக்கால் பஸ்ஸில் போகிற தபால் பையில் போட்டால்தான் கல்கத்தாவுக்குக் கெடு நாளுக்குள் சேரும் என்று போஸ்ட்மாஸ்டர் விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருந்தார்.

அம்மாக்கண்ணுக்குக் கால்பந்து தெரியாது. ஒரு தரம் சடையன் வாயைப் பிளந்த பழைய பந்து ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். நல்ல தோல். அவள் அதற்குள் விதைக் கேழ்வரகைப் போட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், எலி அண்டவில்லை. அவளுக்குத் தெரிந்த கால்பந்து அவ்வளவுதான். ஆனால் போன மாதம் அவன் வந்து, "எம்மா, நான் பிளேன்ல போப்போறேன்" என்று சொன்னபோது அவன் முகம் இருந்த இருப்பு அவளுக்குத் தெரியும். அவள் கவலைப்பட்டது போட்டிக்காக அல்ல, அந்த முகத்துக்காக.

உள்ளே இரண்டு மணி நேரமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சுவரில், பேச்சைக் குறைத்து உழைப்பைப் பெருக்கச் சொல்லும் சர்க்கார் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதற்கு நேர் கீழேதான் ஆணையர் தலை.

முதல் அரை மணி, சடையனைக் கண்டுபிடித்தது யார் என்பதில் போயிற்று.

"நான் பாத்தங்க மொதல்ல," என்றார் பாய். "தோலைப் புடிக்கிறான், அப்படியே காத்துல. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு."

"அதுக்கும் முன்னாடி அவன் என் மாணவன்," என்றார் ஏகாம்பரம். "அடிப்படை நம்ம பள்ளிக்கூடத்துல போட்டது."

சடையன் பள்ளிக்குப் போனது பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் ஆட்டைப் பார்க்க ஆளில்லை. அந்தப் பதினோரு நாளிலும் அடிப்படையை, அதாவது பள்ளிக்கூடத் தரையை, குழந்தைகளே பெருக்கிக் கூட்டினார்கள். வாத்தியார் செங்கம் சந்தைக்குப் போயிருந்தார்.

"எப்படியிருந்தாலும் இந்த யூனியனுக்குப் பெருமை," என்று ஆணையர் தீர்ப்புச் சொன்னார். வரவேற்பு வளைவில் யார் யார் பெயர் வரவேண்டும் என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். முதல் பெயர் அவருடையது. சடையன் பெயர் ஆறாவதாக இருந்தது, ஒலிபெருக்கிக்காரருக்கு முன்னால்.

பிறகு புத்தகங்களைத் திறந்தார்கள். அதிலிருந்துதான் கஷ்டகாலம்.

முன்சீப் மஞ்சள் துணியை அவிழ்த்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டி, உரக்கப் படித்தார். "சடையன், ஆண், தகப்பன் லட்சுமணன். பிறந்தது ஒம்பது, பதினொண்ணு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தி நாலு."

கணக்குப் போட்டார்கள். இருபத்தொன்றரை வயது. பாய் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

ஏகாம்பரம் தன் பதிவேட்டைத் திறந்தார். அதில் முப்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தொரு பேரும் ஜூன் முதல் தேதி பிறந்திருந்தார்கள். மலையில் யாரும் பிறந்த தேதி கொண்டுவருவதில்லை என்பதால் வாத்தியார் பள்ளி திறக்கிற தேதியையே எல்லாருக்கும் கொடுத்துவிடுவார். பிறந்த வருஷத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு சோதனை உண்டு. வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. சடையன் காதைத் தாண்டி மோவாயையே தொட்டுவிட்டான். வாத்தியார் அசந்துபோய் ஏழு வயது போட்டுவிட்டார்.

"ஒண்ணு, ஆறு, அம்பத்தாறு," என்று படித்தார் ஏகாம்பரம். இருபது வயது. பாய் அடுத்த பொத்தானையும் கழற்றினார்.

அணியோடு கோலாலம்பூருக்குப் போகும் பிரமுகர்களில் ஃபரூக் பாய்க்கும் ஓர் இடம் சொல்லியிருந்தார்கள், அவர் அனுப்பிய பையன் அணியில் இருந்தால். கோட்டு அதற்காகத் தைத்தது.

"நாலை எட்டாக்கிட்டா ஆச்சுங்களே," என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. "ஒரு சின்ன வளைவு."

"ஆறை எட்டாக்கறது இன்னும் சுலபம்," என்றார் ஏகாம்பரம். "மேலே ஒரு மூடி போட்டாப் போதும். அதனால பள்ளிப் பதிவேட்டுத் தேதியையே வெச்சுக்குவோம்."

"வாத்தியாரே, நான் இருபத்தாறு வருசமா முன்சீப்பு. என் புக்கு இருக்கச்சே உங்க காது புடிக்கிற புக்கு எதுக்கு?"

"என்னுது கல்வித்துறை ஆவணம்."

"என்னுது ரெவின்யூ."

எந்தப் பொய்யை எழுதுவது என்பதில் இரண்டு துறைகளுக்கும் ஒரு மணி நேரம் தகராறு நடந்தது. ஆணையர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். நடுவில் ஒரு தடவை, பேருக்கு, லட்சுமணன் பக்கம் திரும்பி, "ஏம்பா, பையன் எப்போ பொறந்தான்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

லட்சுமணன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தான். "எனக்கு அவ்ளோவா தெரியாதுங்க. எங்கூட்ல அவளுக்குத்தாங்க தெரியும்."

"சரி, குந்து," என்றார் முன்சீப். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அம்மாக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. படித்தவர்கள் ஒரு வேலையைச் செய்யும்போது நடுவில் புகக்கூடாது, தானாகவே ஒரு வழிக்கு வருவார்கள் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாலு" என்று காதில் விழுந்தபோதே சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் கல்லின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஒன்றரை மணிக்குச் சமாதானம் ஏற்பட்டது. இரண்டு புத்தகத்தையும் திருத்துவது. தேதி முன்சீப்புடையது, கடிதத்தில் முதல் கையெழுத்து வாத்தியாருடையது. முன்சீப் சட்டைப் பையிலிருந்து பாதி பிளேடை எடுத்து, ஊதி, புத்தகத்தை மேஜைமேல் பரத்தினார்.

"மொதல்ல நாலைச் சொரண்டிடறேன். அப்புறம் எழுதினா தடம் தெரியாது."

"அத்த தொடாதீங்க."

குரல் ஜன்னலிலிருந்து வந்தது. அம்மாக்கண்ணு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, உன் மவன் நல்லதுக்குத்தான் செய்யறோம்," என்றார் ஆணையர்.

"அது எம்மவன்தாங்க. ஆனா நீங்க அனுப்பப்போற மவன் இல்ல. அது பெரியவன்."

உள்ளே யாருக்கும் புரியவில்லை. லட்சுமணன் மட்டும் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டான்.

"பெரியவன்னா?"

"மொதப் புள்ள. அவனும் சடையன்தான். எங்க மாமனார் பேரு. ரெண்டு வருசமும் ஒரு மழைக்காலமும் இருந்தான், கக்குவான்ல போய்ட்டான். பாட்டன் பேரு வூட்ல காலியா கெடக்கக் கூடாதுன்னு அடுத்தாப்புல பொறந்தவனுக்கும் அதையே வெச்சோம். எங்க மலையில அப்படித்தானுங்களே. முன்சீப்பு அய்யாவுக்குத் தெரியுமே."

முன்சீப் அய்யா புத்தகத்தை மூடப் பார்த்தார்.

"மூடாதீங்க. அத்தத் தலைகீழாத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. பெரியவன் போனப்ப நீங்க வந்து, அப்படித் திருப்பிவெச்சு எழுதினதை நான் பாத்துகினு இருந்தேன்."

அந்தப் புத்தகத்தில் முன்பக்கமிருந்து பிறப்பு, தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கமிருந்து இறப்பு. காகிதச் சிக்கனத்துக்காக முன்சீப் செய்துகொண்ட ஏற்பாடு. ஆணையரே கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கித் திருப்பினார். நாலாவது பக்கத்தில் இருந்தது: சடையன், தகப்பன் லட்சுமணன், வயது இரண்டு, கக்குவான், இறந்தது 1956 டிசம்பர்.

ஃபரூக் பாய் கோட்டையே கழற்றிவிட்டார்.

"அப்போ கல்கத்தாவுல பந்து புடிக்கிறது யாருங்க?"

"சர்க்கார் கணக்குப்படி யாரும் இல்ல," என்றார் ஆணையர். "இருபது வருஷமா செத்துப்போன ஆளை இந்தியா டீம்ல சேத்திருக்கோம். மேலிடத்துக்குத் தெரிஞ்சா வரவேற்பு வளைவு இல்ல, வேற வளைவு வெப்பாங்க."

"பையன் மாநில டீம்ல ஆறு கோல் தடுத்தானுங்களே."

"அதை நான் மறுக்கல, பாய். உயிரோட இருக்கறதுக்கு ரெக்கார்டு இல்லன்னு சொல்றேன்."

இந்தச் சந்தர்ப்பத்தில் ஏகாம்பரம் ஒரு யோசனை சொன்னார். "செத்த பக்கத்தைக் கிழிச்சுட்டா?"

கம்பியைப் பிடித்திருந்த கைகள் இறுகின. "வாத்தியாரே, எம்புள்ளயப் பொதைச்ச எடம் இப்ப காடா மூடிகிச்சு. அங்க போனா எது கல்லு, எது அவன்னு எனக்கே தெரியல. அவன் இருந்தான், போனான்னு சொல்ல அந்த ரெண்டு வரிதான் கீது. ஒண்ணைச் சொரண்டறேன்னு ஒருத்தர், ஒண்ணைக் கிழிக்கறேன்னு ஒருத்தர். ஒருத்தன் மேல போவணும்னா இன்னொருத்தன் அழியணுமா?"

அவள் சத்தம் போட்டுப் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் முன்சீப்புக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சரிம்மா," என்று ஆணையர் முதல்முறையாக அவளைப் பார்த்தே பேசினார். "ரெண்டாவது புள்ள பொறந்ததைப் பதியவே இல்லியா?"

"பதியத்தான் போனாரு. ஒரு கோழியும் ஒரு மரக்கா சாமையும் எடுத்துகினு போனாரு. கேளுங்க."

லட்சுமணன் துண்டுக்குள்ளிருந்து பேசினான். "போனங்க. அய்யா புக்கைப் பாத்தாரு. 'சடையன், தகப்பன் லட்சுமணன், ஏற்கெனவே கீது, ஒருத்தனை எத்தினி தடவடா பொறக்க வெக்கச் சொல்றே'ன்னாரு. நானும் இருந்தா சரின்னு வந்துட்டேன்."

"கோழி?" என்றார் பாய்.

"கோழி அங்கயே இருந்துகிச்சுங்க."

எல்லாரும் முன்சீப்பைப் பார்த்தார்கள். அவருடைய நாற்காலிக் கால் தானாகவே ஆடியது. "அந்தக் காலத்துல வேலைப் பளு ஜாஸ்தி," என்றார். "ஒரே பேரு, ஒரே தகப்பன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க." கோழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மணி இரண்டு ஆயிற்று. பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மிகவும் பணிவாக, ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, தேதி ஏதாச்சும் ஞாபகம் இருக்குதா? வருசம் தெரிஞ்சாக்கூடப் போதும்."

"தேதி எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா காலையிலேருந்து அதும்மேலதான் குந்திகினு கீறேன்."

அவள் நகர்ந்து நின்றாள். ஆபீஸ் மொத்தமும் எழுந்து வெளியே வந்தது. ஆணையர் ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டார். பலா மரத்தடியில் கிடந்த கல்லின்மேல் சருகும் காக்கை எச்சமும். அம்மாக்கண்ணு முந்தானையால் துடைத்தாள். எழுத்துகள் தெரிந்தன.

அது ஒரு கிணற்றின் கல். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கார் மலையில் ஒரு குடிநீர்க் கிணறு வெட்டி, அதைத் திறந்துவைக்க மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரியை வரவழைத்தது. கிணறு பிற்பாடு இடிந்து தூர்ந்துவிட்டது. கல்வெட்டை மட்டும் பத்திரமாக ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் இருந்த பெயர்களெல்லாம் மாற்றலாகியும் ரிட்டயராகியும் போனபின், பலா மரத்தடியில் போட்டார்கள். உட்கார நல்ல கல்.

ஏகாம்பரம் குனிந்து படித்தார். பெயர்கள், பதவிகள், 'அன்புடன் திறந்து வைக்கப்பெற்றது', கடைசி வரியில் தேதி: 12-2-1958.

"இதுக்கும் புள்ளைக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்றார் முன்சீப் அவசரமாக.

"அய்யாவுக்கு மறந்துபோச்சுங்களா? கெணத்துல தண்ணி வரல. துரை வந்து மொத வாளி எறைக்கணும். அதுக்குன்னு விடியகாலத்துலேருந்து எங்க பொம்பளைங்க இருபது பேரை ஓடையிலேருந்து தண்ணி தூக்கியாரச் சொல்லி, கெணத்துல ஊத்தவெச்சீங்க. எனக்கு நெறமாசம். மாட்டேன்னு சொல்லிப்பாத்தேன். இருபது கொடத்துக்கு ஒண்ணு கொறையக் கூடாதுன்னீங்க. துரை ஜீப்பை விட்டு எறங்கறாரு, நீங்க மாலையோட நிக்கிறீங்க, எனக்கு இடுப்பு வெட்டிகிச்சு. கொடத்தை அப்படியே உங்க மேல போட்டுட்டேன். பந்தலுக்குப் பின்னாடி, மூங்கத் தட்டிமறைப்புல பெத்தேன். துரை பேச்சு படிச்சுகினு இருந்தாரு. நான் கத்தக் கூடாதுன்னு, கூடத் தண்ணி தூக்கின பாஞ்சாலை எம்வாயில துணியை வெச்சா. இந்தக் கல்லு தட்டிக்கு நேரா நின்னுச்சு. அந்த வலியில நான் பாத்துகினு இருந்தது இதைத்தான். இந்த மூலையில ஒடஞ்சிருக்கறது அன்னிக்கே ஒடஞ்சிருந்துச்சு."

ஏகாம்பரம் கல்லின் உடைந்த மூலையைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குச் சாட்சி?" என்றார் முன்சீப். அவர் கேட்டது ஆணையரை நோக்கி. ஆனால் ஆணையர் அவருடைய வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாண்டவராயன், உங்க வூட்ல கூடத்துல ஒரு போட்டோ மாட்டியிருக்கே. மாலையோட நிக்கறீங்க. வேட்டி முழங்காலுக்குக் கீழ நனைஞ்சிருக்கும்."

அந்தப் போட்டோவைப் பார்க்காதவர்கள் மலையில் கிடையாது. வருகிற எல்லாருக்கும் முன்சீப் அதைக் காட்டி, திறந்துவைத்த அந்த நிமிஷத்தில் கிணற்றிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்து தன் வேட்டியை நனைத்த கதையைச் சொல்வார். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பது ஆளுக்குத் தக்கபடி ஏறி இறங்கும். போன பொங்கலுக்கு ஆணையரிடம் சொன்னபோது பனை உயரம்.

"எங்கிட்ட தென்னை உயரம்னாரு," என்றார் ஏகாம்பரம்.

முன்சீப் கல்லைப் பார்த்தார். கல்லில் அவர் பெயரும் இருந்தது, கடைசிக்கு முந்தின வரியில், சின்ன எழுத்தில். "ஒரு கொடம் விழுந்த மாதிரி ஞாபகம்," என்றார்.

அது போதும் என்றார் ஆணையர். தாயின் வாக்குமூலம், நேரில் கண்ட முன்சீப்பின் சாட்சி, கல்வெட்டின் நகல், பெரியவன் பிறப்பு இறப்புப் பதிவுகளின் நகல். இவ்வளவையும் வைத்து ஆபீஸ் முத்திரையோடு ஒரு கடிதம். 1958 பிப்ரவரி. வரம்புக்கு ஆறு மாதம் உள்ளேயே இருந்தான் சடையன். இரண்டு மணி நேரமாக நாலு பேர் முயன்று உண்டாக்கப் பார்த்த பொய்யைவிட உண்மை வசதியாக இருந்தது.

பாய் மறுபடி கோட்டைப் போட்டுக்கொண்டார். போட்டவுடன் புத்தி வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டது. "நான் இன்னா சொல்றேன்னா, ஐம்பத்தெட்டை அறுபதாப் போட்டுட்டா, அடுத்த தரம் போட்டிக்கும் ஆவுமே."

"அவன் பொறந்த அன்னிக்கித்தான் பொறந்தான்," என்றாள் அம்மாக்கண்ணு. "நல்லா தோல் விக்கறீங்க பாய், அந்த வேலையப் பாருங்க."

பாய் சிரித்துவிட்டார். பிறகு எதையோ நினைத்து உள்பையில் கைவிட்டு ஒரு தபால் கார்டை எடுத்தார். போன வாரம் சடையன் கல்கத்தாவிலிருந்து போட்டது. நாலு வரி, கூட ஆடுகிற ஒரு தமிழ்ப் பையனை விட்டு எழுதியிருந்தான். அதில் மூன்றாவது வரி, 'வயசு விஷயத்துக்கு எங்க அம்மாவைக் கேளுங்க, அதுக்குத் தெரியும்' என்று இருந்தது.

"படிச்சேங்க," என்றார் பாய், யாரும் கேட்காமலே. "மரியாதைக்கு எழுதியிருக்கான்னு நெனைச்சேன்."

கல்லின்மேல் தாளை விரித்து அடுப்புக்கரியால் தேய்த்து நகல் எடுக்கும் வேலையைப் பாயே செய்தார். கோட்டுக் கை கறுத்தது. உள்ளே ஆணையர் சொல்லச் சொல்ல ஏகாம்பரம் இங்கிலீஷில் எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு பேரும் ஒருதரம் சண்டை போட்டார்கள். மூணு மணிக்குக் கடிதம் முடிந்தது. ஆணையர் கையெழுத்து, முன்சீப் கையெழுத்து, வாத்தியார் கையெழுத்து. வாக்குமூலம் தாயினுடையது என்பதால் அம்மாக்கண்ணுவின் கைநாட்டு வேண்டியிருந்தது. இப்போதுதான் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார் ஏகாம்பரம்.

"இன்னா எழுதியிருக்கீங்கன்னு படிங்க."

"இங்கிலீஷும்மா. உனக்குப் புரியாது."

"புரியறாப்ல சொல்லுங்க."

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "'இந்த அலுவலகம் பலநாள் மேற்கொண்ட தீவிர ஆராய்ச்சியின் பயனாகவும், மலைப் பகுதிகளில் நேரில் நடத்திய அயராத விசாரணையின் பயனாகவும், பழைய கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டு...'"

"யாரு கண்டெடுத்தது?"

"அது ஆபீஸ் பாஷை," என்றார் ஆணையர்.

"சரி. மேல சொல்லுங்க."

மேலே, சடையன் பிறந்த தேதி 12-2-1958 என்று இருந்தது. முன்பு வேறொரு பதிவு தவறுதலாக இவனுடையதாகக் கருதப்பட்டது என்று இருந்தது. அவ்வளவுதான்.

"பெரியவன் எங்க?"

"அதான் 'வேறொரு பதிவு'ன்னு போட்டிருக்கோமே."

"அவன் வேற பதிவு இல்ல. அவன் பேரைப் போடுங்க. மூத்தவன் சடையன், இந்தத் தேதியில பொறந்தான், இந்தத் தேதியில போனான், ரெண்டு பேருக்கும் அம்மாக்கண்ணு தாய்னு எழுதுங்க. எழுதினாத்தான் வெரலை வெப்பேன்."

"கல்கத்தாக்காரங்களுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? மணி மூணேகால்."

"அவங்களுக்கு எதுக்கோ, எனக்கு வேணும்."

அவள் கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் மடித்துக்கொண்டு நின்றாள். இந்தியாவின் கோல்கீப்பர், ஃபரூக் பாயின் விமானச் சீட்டு, ஆணையரின் வளைவு எல்லாம் அந்த முஷ்டிக்குள் இருந்தன. லட்சுமணன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். காலையிலிருந்து அவன் நிமிர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை.

முன்சீப் புத்தகத்தைத் திறந்து இரண்டு தேதிகளையும் வாசித்தார். முதலில் நேராக, பிறகு தலைகீழாகத் திருப்பி. ஏகாம்பரம் விளிம்பில் இடம் கண்டுபிடித்து நெருக்கி எழுதினார். எழுதியதை அவள் மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னார். விரல் விரிந்தது. மையில் தொட்டுத் தாளில் அழுத்தி வைத்தாள், மை ஈஷாமல், தீர்க்கமாக.

கரித்தாள், நகல்கள், கடிதம் எல்லாம் மடித்து நீள உறைக்குள் போயின. ஆணையர் மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி ஐந்து இடத்தில் சொட்டவிட்டு, பித்தளை முத்திரையை ஒவ்வொன்றாக அழுத்தினார். நாலாவது அரக்குக் கொஞ்சம் கோணலாக விழுந்தது. பாய் ரிஜிஸ்தருக்குத் தபால்தலை வாங்கி ஒட்டினார். ஒரு தலை கூடுதலாகவே ஒட்டினார்.

அம்மாக்கண்ணு வெளியே வந்து பலா மரத்தடியில் உட்காரப் போனாள். முன்சீப் ஓடிவந்து தடுத்தார். "இனிமே அதும்மேல குந்தக் கூடாதும்மா. அது இப்ப சர்க்கார் ரெக்கார்டு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

மூணே முக்கால் பஸ் நாலு மணிக்குத்தான் கிளம்பியது. போஸ்ட்மாஸ்டர் பையின் வாயைக் கட்டி, முடிச்சின்மேல் ஈயத்தை நசுக்கி, கண்டக்டர் கையில் கொடுத்தார். கண்டக்டர் அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு புளி மூட்டைகளுக்கு நடுவில் செருகிவிட்டு விசில் ஊதினார்.

பஸ் மலைப்பாதையில் திரும்பியது. ஒரு சடையனுக்கு வயதும் இன்னொரு சடையனுக்குப் பெயரும் ஒரே உறைக்குள் இறங்கிப் போயின.